அறுபத்திரண்டு கிலோ நானூறு

காலை ஆறு மணிக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக நிற்பார் எடைமேடைக்காரர். உள்ளேயிருந்து தங்கையின் குரல் வரும்.

"முந்நூத்தி இருபது."

"சரியாப் பாத்தியா? குவளையத் தரையில வெச்சுப் பாக்கணும். கையில தூக்கிப் பாத்தா கோடு சாய்ஞ்சு காட்டும்."

"தரையிலதாண்ணா இருக்கு. நானும் தரையிலதான் உக்காந்திருக்கேன். முந்நூத்தி இருபதுதான்."

மூத்திரத்தின் அளவை எழுதிக்கொள்வார். பிறகு அவள் வெளியே வந்து கூடத்து மூலையில் இருக்கும் எடை மெஷினில் ஏறுவாள். தினமும் அதே சாம்பல் நிற நைட்டி. காலில் செருப்பு இல்லை, காதில் தோடு இல்லை, கூந்தலில் ஊசிகூட இருக்கக் கூடாது. சிவப்பு எண்கள் ஓடி அடங்கும்வரை அண்ணனும் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அறுபத்திரண்டு கிலோ நானூறு. அது வந்துவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"லாரி நம்பரையும் எழுதிக்கோங்க" என்பாள் அவள், இறங்கிக்கொண்டே.

"வாயக் குறை."

"அதுக்கும் ஒரு அளவு போட்டுக் குடுத்துடுங்க."

லாரிகளை எடைபோடும் மேடையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோனது. ஆனால் எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். லாரி வெறுமையாக ஒரு தடவை மேடையில் ஏறும். சரக்கை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை ஏறும். இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. இதில் அவரிடம் ஒரு கறார் உண்டு. போன வாரம் எடுத்த வெறும் வண்டி எடையைச் சொல்லி எந்த டிரைவரும் தப்பிக்க முடியாது. "வண்டி அதே வண்டிதாங்க" என்று காலைப் பிடித்தாலும், "அதே வண்டியா இருக்கலாம், அதே எடையா இருக்காது, ஏத்து மேல" என்று சொல்லிவிடுவார்.

தங்கை அவரைவிடப் பதினோரு வயது இளையவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் துகள் எப்போதும் தலைமயிரில் மின்னிக்கொண்டிருக்கும் என்பதால் கடையில் அவளுக்குச் சில்லு என்று பெயர் வைத்தார்கள். அதுவே வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு மயிரிழை பெரிதாக இருந்தாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது, மயிரிழை சிறிதானால் கழன்று விழும். சில்லு தேய்த்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவர் எடைமேடைக்கு வரும் டிரைவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நேராக இருப்பது தெரிந்தது, ஓரத்தில் இருப்பது தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவளுக்கு எந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை. கூடவே தண்ணீர் தண்ணீர் என்று பறந்தாள். குடம் குடமாகக் குடித்தாள், குடித்தது அப்படியே வெளியே போயிற்று. தலையைப் படம் எடுத்துப் பார்த்தபோது கட்டி என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது. கூடவே வேறொன்றும் போனது.

அதை விளக்கிச் சொன்னவர் பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. ஒரு தாளில் தலையைப் படமாக வரைந்து, அடியில் ஒரு புள்ளி வைத்தார்.

"மூளைக்கு அடியில, ரெண்டு கண்ணுக்கும் பின்னால, பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு இடம். ஹைப்போதலாமஸ்னு பேர். ரத்தத்துல உப்பு துளி கூடினாலும் அது கண்டுபிடிச்சிடும். உடனே ரெண்டு வேலை பார்க்கும். நமக்குத் தாகத்தைக் கிளப்பி விடும். சிறுநீரகத்துக்கு, 'தண்ணிய வெளிய விடாதே, பிடிச்சு வை'ன்னு ஆள் அனுப்பும். உங்க தங்கச்சிக்கு முதல்ல அந்த ஆள்தான் போகாம இருந்தார். தாகம் இருந்ததால குடிச்சுக் குடிச்சுத் தப்பிச்சாங்க. இப்ப தாகமும் போயிடுச்சு. நாக்கு வறண்டு கிடந்தாலும் தண்ணி வேணும்னு தோணாது."

"அப்புறம்?"

"வெயில்ல நின்னா உடம்பு சுடும், வேர்த்துத் தணிச்சுக்கத் தெரியாது. குளிர்ல நின்னா ஜில்லுனு ஆயிடும், நடுங்கத் தெரியாது. சாப்பிட்டா 'போதும்'னு ஒரு குரல் வருமில்ல, அதுவும் அங்கிருந்துதான் வருது. இனிமே அந்தக் குரல் வராது."

"அப்ப யாருங்க போதும்னு சொல்றது?"

"வெளிய இருந்து யாராவது சொல்லணும். வேற வழி இல்ல."

எடைமேடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எவ்வளவு, எப்ப, எப்படின்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மூக்கில் அடிக்கும் மருந்து காலையும் மாலையும். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், வேளை பிரித்து. காலையில் எடை. எடை அரைக்கிலோ குறைந்தால் அரை லிட்டர் போய்விட்டது என்று பொருள், கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கூடினால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ரத்தத்தில் உப்பைப் பார்க்க வேண்டும். கடைசி வரியை டாக்டரம்மாவே வாங்கி அடிக்கோடு போட்டார். "எடை ஒரு கைத்தடிதான். ரத்தம்தான் உண்மையச் சொல்லும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே அளவு. கோடு போட்ட பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அக்குளில் வெப்பமானி. வெயில் வந்தால் மின்விசிறிக்கு அடியில் ஈரத்துணி, மழை வந்தால் கம்பளிச் சட்டை. டாக்டரம்மா சொன்னபடி சமையலறைக்குப் பூட்டும் வந்தது. சாவி எடைமேடைக்காரரின் மனைவியிடம் இருந்தது.

தண்ணீர் கொடுப்பது பெரிய பாடில்லை. சில்லுவுக்கு அது வேண்டவும் வேண்டாம், வேண்டாமலும் இல்லை, நீட்டினால் மருந்துபோலக் குடித்துவிடுவாள். பசிதான் அந்த வீட்டைப் படுத்திய பாடு. தட்டைக் கழுவி வைத்த கையோடு, "அண்ணி, பசிக்குது" என்பாள்.

"இப்பத்தானே சாப்பிட்டே?" என்பார் எடைமேடைக்காரர்.

"ஆமாண்ணா. சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. வயித்துக்குத்தான் ஞாபகம் இல்ல."

"அது பொய்ப் பசி. நம்பாதே."

"பொய்யோ நிஜமோ, வலிக்கறது ஒரே மாதிரிதான் வலிக்குது."

ஒரு நாள் குப்பைக் கூடையில் கிடந்த ரொட்டி ஓரங்களை அவள் எடுத்துத் தின்பதை அவர் பார்த்துவிட்டார். கையிலிருந்து பிடுங்கினார். வாய்க்கு வந்தபடி பேசினார். முப்பத்தைந்து வயதுப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். மறுநாளிலிருந்து அவர் காதுபட அவள் பசி என்று சொல்வது நின்றுபோனது. பசி அடங்கிவிட்டது என்று அவர் நினைத்தார். இரண்டு வரியில் அதை நோட்டிலும் எழுதி வைத்தார்.

முதல் நான்கு மாதம் ரத்தப் பரிசோதனை தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அளவு சரியாக இருந்தது. டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "எங்க வார்டுலகூட இப்படி எழுத மாட்டாங்க சார்" என்றார். அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. எடைமேடையில் லாரி வராத நேரத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொள்வார். "பாத்தியா, நூறு கிராம் ஆட்டம் இல்ல" என்று டிரைவர்களிடம் காட்டுவார். அவர்களும் மூக்கில் விரல் வைப்பார்கள்.

ஆனால் ஊசி குத்துவதென்றால் சில்லுவின் கை வீங்கிப்போகும். நரம்பு ஒளிந்துகொள்ளும். ஒரு தடவை ஆறு இடத்தில் குத்தி, முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்துவிட்டது. "அண்ணா, எடைதான் அச்சு மாறாம நிக்குதே, இந்தத் தடவை விட்டுடலாமே" என்றாள். அவருக்கு மனசு இளகிவிட்டது. தன் நோட்டின்மேல் நம்பிக்கையும் இருந்தது. ஒரு தடவை விட்டார். அடுத்ததும் போனது. அப்படியே ஏழு வாரம் ஓடிவிட்டது.

அந்த ஏழு வாரத்தில் இரண்டு நல்ல சேதிகளும் வந்தன. கண்ணாடிக் கடை முதலாளி வீட்டுக்கே வந்து, "லென்ஸ் தேய்க்க வேணாம்மா, உக்காந்து சட்டத்துக்குத் திருகாணி போட்டுக் குடு, அரை நாள் வந்தாப் போதும். உன் நாற்காலி அப்படியே இருக்கு" என்றார். அடுத்த மாதம் முதல் தேதி போவதாகப் பேச்சு. சில்லு பழைய சட்டங்களை மேசைமேல் பரப்பிவைத்து, குட்டித் திருப்புளியால் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பழகினாள். பசியை அவள் மறந்தவள்போல் இருந்தது அப்போதுதான்.

இரண்டாவது சேதி அவருடைய நோட்டில் இருந்தது. எடை துளித் துளியாக ஏறப் பார்த்தது. ஒரு நாள் நூறு கிராம், இன்னொரு நாள் இருநூறு. அவர் விடுவாரா? தண்ணீரில் ஒரு தம்ளர் குறைத்தார். எடை பழையபடி வந்து நின்றது. மறுபடி ஏறியது, மறுபடி குறைத்தார். மூத்திரமும் முந்நூற்று இருபதிலிருந்து இருநூற்று நாற்பதாகக் குறைந்தது. மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்று எண்ணிக்கொண்டார். எப்படிப் பார்த்தாலும் காலையில் சிவப்பு எண்கள் அறுபத்திரண்டு நானூற்றில் வந்து அடங்கின. தன் கையால் பிடித்து நிறுத்தியதுபோல அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு.

கோடை தலைக்கு மேலே ஏறியது. சில்லு மதியம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். திருகாணி கை தவறி விழுந்தால் தேடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"என்னங்க, அவளுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி குடுக்கலாமே" என்றார் அவர் மனைவி.

"எடை என்ன சொல்லுது?"

"எடை கிடக்கட்டும். முகத்தப் பாருங்க. சுண்டிப்போய்க் கிடக்கு."

"முகத்தப் பாத்துத் தண்ணி குடுக்கறதா? அளவுக்கு மேல போனா வேற வம்பு, மூளை வீங்கிடும்னு டாக்டர் சொன்னதக் கேட்டேயில்ல?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எடைமேடைக்காரர் அதைக் கவனித்தார். தான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

முதல் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. காலை ஆறு மணிக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளேயிருந்து குரல் வரவில்லை.

"சில்லு, எவ்வளவு?"

கொஞ்ச நேரம் கழித்து, "லென்ஸ் சின்னதா இருக்கு" என்றாள்.

"என்னது?"

"உக்கார மாட்டேங்குது. வேற குடுங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே ஓடினார். சில்லு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. நாக்கு பழைய தோல்போல உலர்ந்திருந்தது. எடைமேடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிலையிலும் ஆட்டோவில் ஏறும்போது நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் உப்பு நூற்று அறுபத்து மூன்று என்று வந்தது. நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. உடம்பிலிருந்து மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் காணாமல் போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா.

"இருக்காதுங்க" என்றார் எடைமேடைக்காரர். நோட்டை விரித்து நீட்டினார். "இதப் பாருங்க. நேத்து அறுபத்திரண்டு நானூறு. முந்தாநாள் அதே. ஒரு மாசமா அதே. நாலு லிட்டர் போயிருந்தா நாலு கிலோ குறையணுமில்ல?"

டாக்டரம்மா நோட்டைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த சில்லுவின் சட்டை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வருவதற்காக நைட்டியை மாற்றிப் போட்டுவிட்ட நீலச் சட்டை. இரண்டு பக்கமும் தையல் பிரித்து, அகலமாக்கி, கறுப்பு நூலால் மறுபடி தைத்திருந்தது. பழைய ஊசித் தடம் உள்ளே ஓரங்குலம் தள்ளித் தெரிந்தது.

"இத எப்பப் பிரிச்சுத் தைச்சீங்க?"

அவர் மனைவி தரையைப் பார்த்தார். "போன மாசம் ஒரு தடவை. போன வாரம் ஒரு தடவை."

"என்ன சாப்பிட்டாங்க?"

"ரொட்டி. சர்க்கரை. அவிச்ச உருளைக்கிழங்கு. இவர் வேலைக்குப் போனப்புறம். பூட்டுக்கு முன்னால உக்காந்து கதவைத் தடவிக்கிட்டே இருப்பா டாக்டர். கேக்க மாட்டா. சும்மா தடவுவா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. இவர்கிட்ட சொன்னா அவளக் கொன்னுபோடுவாரு. அண்ணன்கிட்ட சொல்லாதீங்கன்னு என் கால்ல விழுந்தா."

எடைமேடைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெறும் வண்டியின் எடை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மொத்தம் மாறாமல் இருக்க, அவர் சரக்கை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். உடம்பில் கொழுப்பு ஒரு கிலோ ஏறினால், அவர் தண்ணீரில் ஒரு கிலோவைப் பிடுங்கினார். அதைத் தினமும் காலையில் தன் கையால் குண்டு எழுத்தில் எழுதியும் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த டிரைவராலும் செய்ய முடியாத ஏமாற்று வேலையை அவரே அவருக்குச் செய்துகொண்டார்.

"ரத்தம் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். நோட்டில் தேதி இருந்தது.

உப்பைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கும் என்பதால் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். முழுதாக ஐந்து நாள் ஆனது. அதற்குள் இடது காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. முதல் தேதி வந்து, யாரும் கவனிக்காமல் போனது. புருஷனும் மனைவியும் வார்டுக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். திட்டுவார் என்று மனைவி காத்திருந்தார். மூன்றாம் நாள் அவர், "நீ குடுத்தத எனக்குச் சொல்ற மாதிரி நான் நடந்துக்கல" என்று மட்டும் சொன்னார். மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சில்லு கண் விழித்துப் பேசினாள். ஆளைத் தெரிந்தது. ஆனால் வார்த்தைகள் தேடித் தேடி வந்தன. விரல்களில் ஓர் ஆட்டம் தங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் படுக்கைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த சட்டைப் பொத்தானை எடுக்கப் பார்த்தாள். நான்கு தடவை நழுவியது. ஐந்தாம் தடவை அவள் முயற்சி செய்யவில்லை.

"அண்ணா, முதலாளிகிட்ட... நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க."

"கொஞ்ச நாள் போகட்டுமே."

"எனக்குத் தெரியும்ணா. திருகாணி இதவிடச் சின்னது."

கிளம்புவதற்கு முன் டாக்டரம்மா புதிய எடையை நிர்ணயித்துக் கொடுத்தார். அறுபத்தாறு கிலோ நூறு. வாரா வாரம் ரத்தம் பார்த்து, அதை வைத்துத்தான் எடையைத் திருத்த வேண்டும் என்றார். ஊசி குத்த, மெல்லிய நரம்பைத் தேடிப் பழகிய குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்தார்.

"அடுத்த மாசம் இந்த அறுபத்தாறு கூடுமா?" என்று எடைமேடைக்காரர் கேட்டார்.

"கூடும் சார். நீங்க என்னதான் பூட்டினாலும் கொஞ்சம் கொஞ்சமா கூடத்தான் செய்யும். உடம்பே கம்மியாச் செலவழிக்குது. கூடறத மறைக்காம எழுதுங்க, போதும். அவங்க என்ன சாப்பிட்டாலும் பயமில்லாம உங்ககிட்ட சொல்லணும். சொல்லலன்னா மறுபடி இங்கதான் வரணும்."

"மறுபடி வந்தா?"

டாக்டரம்மா தாள்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தார். "வராமப் பாத்துக்குவோம்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. சில்லு வெயில் பட்ட பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தாள், சுடுவது தெரியாமல். அண்ணி அவள் கையைப் பிடித்து நிழலுக்கு அழைத்து வந்து, நெற்றியில் ஈரத்துணியை வைத்தார். எதிரே பெட்டிக்கடை. கண்ணாடிப் புட்டிகளில் பிஸ்கட்டுகள். சில்லு அவற்றைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொள்ளப் போனவள், திருப்பவில்லை.

"அண்ணா, எனக்கு அது வேணும்."

எடைமேடைக்காரர் சாலையைக் கடந்து போனார். நான்கு பிஸ்கட் வாங்கி வந்து அவள் மடியில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தின்றாள். துகளைக்கூட விரலால் ஒற்றி எடுத்தாள். அவர் நோட்டைத் தொடையில் வைத்து, நான்கு பிஸ்கட், பதினொன்றே கால் என்று எழுதினார். பிறகு பாட்டிலைத் திறந்து நீட்டினார். கோடு வரைக்கும் குடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அண்ணி பைகளை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் பசிக்குதுண்ணா" என்றாள் சில்லு. புகார் சொல்லும் குரலில்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

"தெரியும்மா" என்று சொல்லி, அவள் இடது கால் பக்கம் போய் நின்று, தோளைக் கொடுத்து எழுப்பினார்.